அம்மா செய்த கரகரப்புப் பெட்டி

அம்மாவின் நினைவு மலருக்கு நீதான் எழுத வேண்டும் என்று தாணேயிலிருந்து மாமா சொன்னார். என்ன எழுத வேண்டும் என்பதையும் அவரே சொல்லிவிட்டார்: அம்மாவின் பொறுமை, உழைப்பு, கடைசிவரை வலியே தெரியாமல் போய்ச் சேர்ந்த புண்ணியம். முதல் இரண்டையும் அப்படியே எழுதுகிறேன். மூன்றாவதில்தான் எனக்கும் மாமாவுக்கும் ஒத்துப்போகவில்லை.

அம்மா பிறந்தது நாங்குநேரிக்குத் தெற்கே ஒரு சிறிய ஊரில். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. கல்யாணமாகி மாட்டுங்கா லேபர் கேம்புக்கு வந்தபோது இந்தியில் ‘பானி’ என்ற ஒரே சொல்தான் தெரியுமாம். மீதியைக் குழாயடிச் சண்டையில் கற்றுக்கொண்டதாகச் சொல்வார். நான் பள்ளியில் படிக்கும்போதே அப்பா தவறிவிட்டார். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கதறினார்கள். அம்மா கதறவில்லை. காரியம் முடிந்த கையோடு அம்பர்நாத்தில் ஆம்ப்ளிஃபையர் செய்யும் ஒரு சிறு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். தினமும் சயனில் ரயிலேறிப் போய் வருவார்.

முதலில் சால்டரிங் வேலை. பிறகு செக்கிங். தயாரான ஒவ்வொரு பெட்டியிலும் பாட்டை ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்க வேண்டும். சத்தம் கொஞ்சம் கரகரத்தாலும் சாக்பீஸால் குறுக்குக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். கூட வேலை செய்தவர்கள் அவருக்கு ‘கான்வாலி’, அதாவது காதுக்காரி என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தச் சம்பளத்தில்தான் நான் பட்டப்படிப்பு முடித்தேன், செம்பூரில் ஒரு பல் மருத்துவரிடம் ரிசப்ஷனில் சேர்ந்தேன், பழைய எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றும் வாங்கினேன். பொம்பளப் பிள்ளைக்கு எதற்கு இது என்று கேட்ட சொந்தங்கள் இந்த மலரையும் வாசிப்பார்கள். வணக்கம்.

கம்பெனி மூடியது. அடுத்த வருஷமே அம்மாவின் வயிற்றில் கட்டி என்றார்கள். ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருந்தபோது அவரால் சும்மா உட்கார முடியவில்லை. “கைக்கு ஒரு வேல குடுட்டி, பைத்தியம் பிடிச்சிரும் போலருக்கு” என்றார். எனக்கோ நெடுநாளாக ஒரு பெடல் மேல் ஆசை. காலால் மிதித்தால் கிட்டாரின் சத்தம் கிழிந்து சீறிக்கொண்டு வரும், அப்படி ஒரு சின்ன இரும்புப் பெட்டி. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று எந்தக் காலத்திலோ செய்தது. அதைப் பார்த்து உலகம் முழுக்க வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். சர்க்யூட் படத்தை நெட்டில் எடுத்துக் கொடுத்தேன். லேமிங்டன் ரோட்டில் சாமான் வாங்கினோம். தாராவியில் ஒரு பட்டறையில் அலுமினியப் பெட்டிக்கு ஓட்டை போட்டுத் தந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வேலையை முடித்துவிட்டுப் பெருமையாகக் கூப்பிட்டார். “வாசிச்சுப் பாரு. ஒரு பிசிறு இருக்கான்னு சொல்லு.”

பிசிறே இல்லை. மிதித்தால் கிட்டார் இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டது, அவ்வளவுதான்.

“படத்துல ரெண்டு டயோடு தப்பா போட்டிருக்கான். அது சத்தத்த வெட்டிக் கரகரக்க வச்சிரும். அதான் நான் போடல” என்றார் அம்மா.

“அம்மா, வெட்டுறதுக்குத்தான் அது இருக்கு.”

“வேணும்னேவா?”

“ஆமா. இந்தப் பெட்டியே அதுக்குத்தான்.”

“நல்ல கூத்து. நான் எத்தன பெட்டிய இதுக்காகத் திருப்பி அனுப்பிருக்கேன் தெரியுமா?” இரண்டு நாள் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. பிறகு, கசாயம் குடிக்கும் முகத்தோடு அந்த இரண்டு டயோடையும் வைத்துச் சால்டர் செய்தார். நான் மிதித்து ஒரு கம்பியை மீட்டினேன். அம்மா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்தது எனக்குத் தெரிந்து அன்றைக்குத்தான்.

மழைக்காலத்தில் நோய் திரும்பி வந்தது. இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். மாமா டிக்கெட் போடத் தயாராக வந்தார். “ஊருல பெரிய மதினி இருக்கா, நல்லாப் பாத்துக்குவா. இவ வேலைக்குப் போவாளா, ஒன்னயப் பாப்பாளா?” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அம்மாவுக்கு என்னை விட்டுப் போக மனமில்லை. “ஏல, எனக்கு வலியே இல்ல. என்னத்துக்கு ஊரு?” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்து அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதே அம்மாவின் வேலையாயிற்று. எங்களுக்கும் பக்கத்து வீட்டு ஷரீஃபா அக்காவுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். ஒரு முனகல் கேட்டால் போதும், அக்கா பாசத்தில் உடனே மாமாவுக்குப் போன் செய்துவிடுவார். அம்மா துண்டைக் கடித்துக்கொண்டு கிடப்பார். சாயங்காலம் மாத்திரை வேலை செய்யத் தொடங்கும்வரையிலான அந்த நேரம் என்னால் பார்க்க முடியாததாக இருந்தது.

ஒரு சாயங்காலம் துண்டை எடுத்து எறிந்துவிட்டு, “ஏட்டி, அந்தப் பெட்டிய மிதி. சத்தமா வாசி” என்றார். கேட்க ஆசைப்படுகிறார் என்று நினைத்து வாசித்தேன். நடுவில் நிமிர்ந்து பார்த்தால் அவர் வாய் திறந்திருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பதறி நிறுத்தினேன்.

“நிறுத்தாத” என்றார். “நீ வாசிச்சாத்தான் நான் கத்த முடியும்.”

சுத்தமான சத்தத்தில் மனிதக் குரல் தனியாகக் கேட்டுவிடும். கரகரப்பில் கலந்துவிடும். அம்மாவின் காதுக்கு அது தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு தினமும் வாசித்தேன். என்ன வாசித்தேன் என்று நினைவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தே வாசித்தேன். அம்மா எனக்கு முன்னால் அழுதது அந்த மாதங்களில் மட்டும்தான். அப்பாவின் பெயரைச் சொல்லியும் அழுதார்.

ஷரீஃபா அக்கா ஒருநாள் வாசலுக்கே வந்துவிட்டார். “பெத்தவ படுத்துக் கெடக்கா, ஒனக்கு கிட்டார் கேக்குதோ?” அம்மா உள்ளேயிருந்து, “நாந்தான் வாசிக்கச் சொன்னேன் அக்கா. கேக்க நல்லாருக்கு” என்றார். அக்கா நம்பவில்லை. தெருவே என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று பேசியது. துக்க வீட்டில்கூட ஒருவர் சொன்னார், அது என் காதிலும் விழுந்தது.

அம்மா தன் வீட்டில், தன் படுக்கையில், ஒரு காலை நேரத்தில் கண் மூடினார். ஷரீஃபா அக்கா அவருக்குக் கஞ்சித் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார், நான் அவர் தலையை வாரிக்கொண்டிருந்தேன். தான் இருக்கும்வரை இந்த வலியைப் பற்றி யாரிடமும் சொல்லக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தார். அதற்கு அப்புறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதனால்தான் இந்த முதலாம் ஆண்டு நினைவு நாளில் எழுதுகிறேன்.

மாத்திரை எழுதித் தந்த மருத்துவர்களுக்கும், வீட்டுக்கு வந்து பார்த்த நர்ஸ் அம்மாவுக்கும், எல்லாச் செலவையும் முன்நின்று பார்த்த மாமாவுக்கும், தோள் கொடுத்துத் தூக்கிச் சென்றவர்களுக்கும், கூடப் பிறக்காத ஷரீஃபா அக்காவுக்கும் என் நன்றி. எங்கள் தெருவில் அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கும், பொறுக்க முடியாமல் சுவரைத் தட்டியவர்களுக்கும் நன்றி. நீங்கள் தட்டியது எனக்குக் கேட்காமல் இல்லை. அம்மா இன்னும் அழுது முடித்திருக்கவில்லை.