வலது கால் பிரேக்

தெருவில் எல்லோருக்கும் அவள் டிரைவர் வீட்டம்மா. இத்தனைக்கும் புருஷன் ஓட்டிய காரின் ஸ்டியரிங்கைத் தூசி தட்டியதைத் தவிர அவள் தொட்டதே கிடையாது. பிழைப்பு தையல் மெஷினில். மெஷின் மக்கர் பண்ணினால் தானே கழற்றி மாட்டுவாள். அந்தத் தைரியத்தில்தான் இப்போது காருக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்து முன் சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தாள்.

வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்த மனுஷனுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. மழைக்காலம் முழுக்க ஷெட்டில் சும்மா நின்ற காரும் முன் சக்கரம் சுற்றாமல் முடங்கிவிட்டது. பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பருக்குள் பிஸ்டன் துருவேறி இறுகிவிட்டதாம். மெக்கானிக் ஷாப்புக்கு இழுத்துப்போகிறேன் என்றான். வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் விடவில்லை. வண்டி கிளம்புகிற அன்று தானும் கிளம்பிவிடலாம் என்று மனக்கோட்டை கட்டியிருந்தார். அந்தக் கால் இனி இவ்வளவுதான் என்று டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை அவள் இன்றுவரை வாய் திறந்து சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது?

காலிப்பரைத் தட்டிலிருந்து இறக்கி, பிஸ்டன் தெறித்து விழாமலிருக்க எதிரே ஒரு மரத்துண்டும் செருகியாகிவிட்டது. அடுத்தது என்ன என்று அவரே சொன்னார்.

"நான் உள்ள உக்காந்து பிரேக்க அழுத்துறேன். பிரேக் எண்ணெய் தள்ளுற தள்ளுல பிஸ்டன் தன்னால வெளிய வரும். நீ பாத்துச் சொல்லு."

கைத்தாங்கலாக அவரை உட்கார வைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. இடது காலால் அழுத்தினால் என்ன என்று சும்மா கேட்டுப் பார்த்தாள். பைத்தியக்காரியைப் பார்ப்பது போல் பார்த்தார்.

"பிரேக் வலது காலுக்குத்தான்."

அந்தப் பிரேக் மிதியை அழுத்தினால் கீச்சென்று கத்தும். சவாரிக்கு வருபவர்கள் எத்தனை கேலி செய்தும் அவர் அதைச் சரிசெய்ததில்லை. இப்போது கீச் வரவில்லை. அழுத்துறேன், வருதா, வருதா என்று அவர் கேட்டுக்கொண்டேயிருந்தார். அவள் எட்டிப் பார்த்தாள். முகம் அழுத்தியது, தோள் அழுத்தியது, வியர்த்துக் கொட்டியது. பாதம் மட்டும் கழற்றிப் போட்ட செருப்பாக மிதியின் மேல் கிடந்தது.

"நல்லா இறுகிப் போயிருக்குங்க. அசைய மாட்டேங்குது," என்று பழியைப் பிஸ்டன் தலையில் போட்டாள்.

சொன்னேன்ல, லேசுல வராது என்றார் அவர். முகத்தில் அத்தனை நிம்மதி.

அவரைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு வந்தாள். அத்தோடு விட்டிருக்கலாம், மனசு கேட்கவில்லை. குனிந்து இரண்டு உள்ளங்கையாலும் மிதியை ஒரே ஒரு தடவை அழுத்தினாள். கீச். சக்கரத்துப் பக்கம் போய்ப் பார்த்தால், பிஸ்டன் வெளியே வந்து மரத்துண்டில் முட்டிக்கொண்டு நின்றது. பெரிய இறுக்கமே இல்லை. ஷெட் தரையிலேயே உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதாள். பிறகு எழுந்து, கிளாம்பை மாட்டித் திருகி, பிஸ்டனை வந்த வழியே உள்ளே தள்ளிவிட்டாள்.

கட்டிலுக்கு மேலே இருந்த ஜன்னல் ஷெட்டைப் பார்த்தது. அது அவளுக்கு உள்ளே போன பிறகுதான் உறைத்தது.

"மிதி சத்தம் கேட்டுச்சே."

"நான்தாங்க தொடச்சேன். பிஸ்டன் அப்படியேதான் இருக்கு."

அவர் இடது கையால் போர்வையை இழுத்து வலது காலை மூடிக்கொண்டார்.

"துரு அப்படித்தான். இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டு வை. நாளைக்குப் பாப்போம்."

சரிங்க என்று எண்ணெய் டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் ஷெட்டுக்குப் போனாள். விட வேண்டிய இடம் எதுவும் அங்கே இல்லை. ஜன்னலுக்குக் கேட்கும்படி டப்பாவைக் காலிப்பர் மேல் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வந்தாள்.