மர்சூக் போட்ட உருண்டைத் தோணி

காத்தான்குடி மர்சூக் பன்னிரண்டு வருஷம் சார்ஜாவில் வாளி வரைந்தவர். வாளி மட்டும் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். கதிரை, குப்பைத்தொட்டி, சோப்புப்பெட்டி, குளியல்தொட்டி என்று பிளாஸ்டிக்கில் வார்க்கிற அத்தனைக்கும் கணினியில் அச்சு வரைந்திருக்கிறார். அந்தத் தொழிலில் ஒரு வேதவாக்கு உண்டு. சுவர் எங்கும் ஒரே தடிப்பாக இருக்க வேண்டும். ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிந்தால் சூடு ஆறும்போது பொருள் கோணிப்போகும். ஆகவே மர்சூக் உள்வளைவை மட்டும் பார்த்துப் பார்த்து வரைவார். பிறகு 'ஓப்செட்' என்ற கட்டளையை அழுத்தி, மூன்று மில்லிமீற்றர் என்பார். உள்வளைவின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் அதே மூன்று மில்லிமீற்றர் தள்ளி, வெளிவளைவு தானாக வந்து நிற்கும். உள்ளே உருண்டை என்றால் வெளியேயும் உருண்டை. உலகத்தில் எல்லாப் பொருளும் அப்படித்தான் என்று பன்னிரண்டு வருஷத்தில் அவர் நம்பிவிட்டார்.

சுனாமி அவருடைய வீட்டைக் கொண்டுபோனது. மனைவி சபீனாவும் மகளும் ஏறாவூரில் ஒரு கல்யாண வீட்டில் நின்றதால் தப்பினார்கள். கிடைத்த விமானத்தில் ஓடிவந்த மர்சூக், இனி இவர்களை விட்டுவிட்டு எங்கும் போவதில்லை என்று முடிவெடுத்தார். முடிவு நல்லதுதான். ஆனால் மட்டக்களப்பில் யாருக்கு வாளி வரைவது?

ஆள் தேடி வந்தது ஒரு வெளிநாட்டு நிறுவனம். அதன் பெயரை முழுதாகச் சொன்னால் மூச்சு முட்டும், விடுவோம். அந்த நாட்களில் வாவியில் மீனைவிடத் தெருவில் வெள்ளை வாகனங்கள் அதிகம். ஒவ்வொரு நிறுவனமும் கொடுப்பதற்கு ஏதாவது தேடி அலைந்தது. நாவற்குடாவில் அலுவலகம் போட்டிருந்த இந்த நிறுவனத்தின் கண் தோணியில் விழுந்தது. செட்டிபாளையத்து வாவி மீனவர்களுக்கு நாற்பது பைபர் தோணி. முகாமையாளர் சுதாகரன் கொழும்பிலிருந்து வந்தவர். சட்டையில் மடிப்புக் கலையாதவர். தோணியைப் படத்தில் நிறையப் பார்த்திருக்கிறார்.

"பாரம்பரிய வடிவம், நவீன தொழில்நுட்பம். அதுதான் எங்கட சுலோகம். நீங்க அச்சை மட்டும் வரைஞ்சு தாங்க, மர்சூக்" என்றார்.

பாரம்பரிய வடிவம் செட்டிபாளையத்துக் கோணாமலையிடம் இருந்தது. கடல் ஊருக்குள் வந்த அன்று அவருடைய மரத்தோணி வாவிப்பக்கம் கண்டல் மரங்களுக்குள் செருகித் தப்பியிருந்தது. இப்போது துறையில், சேற்றில் அமர்ந்து கிடந்தது. அளவெடுக்க வந்த மர்சூக், தோணியைக் கொஞ்சம் கவிழ்த்துத் தரும்படி கேட்டார்.

"குப்புறக் கவிழ்க்கிறதோ? ஆள் செத்த ஊட்டுலதான் எங்கட ஆக்கள் தோணியக் குப்புறப் போடுற. இந்த வருஷத்துக்குச் செத்தது காணும், தம்பி" என்றார் கோணாமலை.

மர்சூக் தோணிக்குள் இறங்கி உட்பக்கத்தை அளந்தார். கையளவு இடைவெளிக்கு ஒரு புள்ளி வீதம் முந்நூறு புள்ளிகள். உள்ளே அருமையான உருண்டை. விளிம்பில் மரத்தின் தடிப்பைப் பார்த்தார், ஓர் அங்குலம். வேலை முடிந்தது. உள்வளைவு இருக்கிறது, தடிப்பு இருக்கிறது, மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

கணினியும் பார்த்துக்கொண்டது. ஓப்செட், இருபத்தைந்து மில்லிமீற்றர், வெளிப்பக்கம். முன்மூக்கில் மட்டும் சின்னச் சிக்கல். இரண்டு பக்கமும் கூராகச் சேர்கிற இடத்தில் தள்ளிப்போட்ட பரப்புகள் ஒன்றையொன்று எட்டாமல் வாயைப் பிளந்து நின்றன. இடைவெளியை உருட்டி நிரப்பவா என்று கணினி மரியாதையாகக் கேட்டது, மர்சூக் ஓம் என்றார். திரையில் சுழன்ற தோணியைப் பார்த்து அலுவலகமே கைதட்டியது. சுதாகரன் அதை வர்ணத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டினார். மர்சூக்குக்கும் பெருமை பிடிபடவில்லை. அந்த வரைபடப்படி பலகை வெட்டி, மாதிரி கட்டி, பூசி மினுக்கி, அதன்மேல் அச்சு எடுத்தார்கள். அச்சிலிருந்து முதல் தோணி மஞ்சள் நிறத்தில் கழன்று வந்தது.

துறையில் இறக்கிய அன்று மர்சூக்தான் முதலில் ஏறினார். ஏறி நிமிர்ந்தார். தோணி ஒரு பக்கம் உருண்டது, அவர் மறுபக்கம் உருண்டார். நல்ல காலம், முழங்கால் தண்ணீர். சேறு வழிய எழும்பியவரைக் கோணாமலை கைகொடுத்து ஏற்றிவிட்டு, புதுத் தோணியின் அடியைத் தடவிப் பார்த்தார்.

"அடி ஏன் தம்பி இப்பிடி உருண்டு கிடக்கு?"

"உங்கட தோணி உருண்டைதானே, அண்ணன்?"

"உள்ளுக்குத்தானே உருட்டிக் குடையிற. தண்ணி வந்தா நடுவுல சேரும், இறைக்க லேசு. வெளிய அடி தட்டை. தட்டையா இல்லாட்டி நிண்டு வலை எறியிற எப்பிடி?"

"நீங்க சொல்லல்லியே!"

"நீ கேக்கல்லியே."

மர்சூக்குக்கு அப்போதுதான் விளங்கியது. மரத்தோணியின் அடிமூலைகளில் மூன்று விரல் தடிப்பும் விளிம்பில் ஒரு விரல் தடிப்பும் இருந்திருக்கிறது. அவரோ வாளிக்குப் போட்ட கணக்கைத் தோணிக்குப் போட்டுவிட்டார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்தச் சுரைக்காய் மிதக்கவும் செய்தது, அதுதான் வினை.

ஈர உடுப்போடு அலுவலகத்துக்குப் போய், அச்சு பிழை, மாற்ற வேண்டும் என்று சொன்னார். சுதாகரன் நாட்காட்டியைக் காட்டினார். கையளிப்பு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று, பெரியவர்கள் வருகிறார்கள், பந்தலுக்குச் சொல்லியாயிற்று. "பழகினா சரிவரும், மர்சூக். சைக்கிளும் முதல்ல விழுத்தத்தானே செய்யும்?" வேலையை விட்டால் குந்த ஒரு குடிசையும் இல்லை என்ற நிலை. மர்சூக் சரி என்று கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு வெட்கம்.

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? செட்டிபாளையத்தார் நாற்பது தோணியையும் கும்பிட்டு வாங்கினார்கள். ஒன்றில்கூட மீன் பிடிக்கவில்லை. ஒருவர் விதைநெல் ஊறப்போட்டார், ஒருவர் எருமைக்குத் தண்ணீர் வைத்தார், பலர் பிள்ளைகளைக் குளிக்க வார்த்தார்கள். தொழிலுக்குக் கடல் இருந்தது, தோட்டம் இருந்தது, பழைய தோணிகள் சில இருந்தன. அடுத்த வருஷம் மதிப்பீடு செய்ய ஒரு குழு படிவத்தோடு வந்தது. 'தோணியை நாளாந்தம் பயன்படுத்துகிறீர்களா?' 'ஓம்.' எதற்கு என்ற கேள்வி படிவத்தில் இல்லை. நூறு வீதம் பயன்பாடு, நூறு வீதம் திருப்தி என்று அறிக்கை போனது. வந்தவர்களின் மனம் நோகாமல் மறுமொழி சொல்வதில் எங்கள் ஆட்களை வெல்ல முடியாது.

பிறகு சண்டை மூண்டது. வாவிக்கு மேற்கே படுவான்கரைச் சனம் இடம்பெயர்ந்து பள்ளிக்கூடங்களில் கிடந்தது. திரும்பிப் போனபோது துறைகளில் ஒரு தோணியும் இல்லை. இரண்டாயிரத்து ஒன்பதில் யுத்தம் முடிந்தது என்று அறிவித்த கையோடு சுதாகரன் மர்சூக்கைக் கூப்பிட்டார்.

"இரண்டாம் கட்டம். படுவான்கரைக்கு நூற்றி இருபது தோணி. அதே அச்சு."

"சேர், அந்த அச்சு பிழை. நான் போட்ட பிழை."

சுதாகரன் அறிக்கையைத் திறந்து நூறு வீதத்தை விரலால் தட்டினார். "அடக்கம் நல்லதுதான், மர்சூக். அதுக்காக உங்கட வெற்றியையே நீங்க குறை சொல்லக் கூடாது."

குற்றத்தை ஒப்புக்கொண்டவனுக்குப் பாராட்டு! மர்சூக் வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்று குந்திக்கொண்டார்.

"இந்த மனிசர் மாட்டுக்குத் தண்ணி வைக்க மாட்டாங்க. ஏறித்தான் பாப்பாங்க. வேற தோணி இல்ல" என்றார்.

"அப்ப அவங்களிட்டப் போய்ச் சொல்லுங்க. எனக்கிட்டச் சொல்லி என்ன பிரயோசனம்?" என்றாள் சபீனா.

அவள் சொன்னது சரி. கையளிப்பு முடிந்து வாகனங்கள் புழுதி கிளப்பிப் போன மறுநாள், மர்சூக் துறையில் வரிசையாகக் கிடந்த நூற்று இருபது மஞ்சள் தோணிகளுக்கு முன்னால் நின்று உரத்துச் சொன்னார்: இதில் ஏறாதீர்கள், நின்றால் கவிழும், பிழை என்னுடையது. சனம் அவரை இரக்கத்தோடு பார்த்தது. கண்ணகை என்ற பெண் முன்னுக்கு வந்தாள். புருஷன் காணாமல் போன பிறகு அவன் வலையைத் தானே எறிந்து மூன்று பிள்ளைகளைப் பார்க்கிறவள்.

"தெரியும், காக்கா" என்றாள், முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கிற முறையில். "செட்டிபாளையத்தில எருமை குடிக்கிறத பஸ்ஸுக்குள்ள இருந்து பாத்தநாங்க."

"தெரிஞ்சும் ஏன் வாங்கின, தங்கச்சி?"

"தோணி வேணாம் எண்டா ஊடு குடுக்கிற லிஸ்டில பேர வெட்டிருவாங்களாம். வாங்கிட்டம். வாங்கினாப் பிறகு ஏறாம என்ன செய்யிற? நேத்து என்ட மூத்தவள் விழுந்தவள். முடியில பிடிச்சு இழுத்தனான்."

அவள் அதைக் கோபமில்லாமல் சொன்னாள். மர்சூக்குக்கு அது ஏச்சைவிடச் சுட்டது. மறுநாளே வேலையை விட்டார். கண்ணகையின் தோணியைப் பக்கவாட்டில் சரித்து, அடியின் இரண்டு பக்கமும் நீளத்துக்கு மரக்கட்டை வைத்து, இடுக்கை நிரப்பி, மேலே பைபர் பூசித் தட்டையாக்கினார். கணினி இல்லை. கோணாமலையின் தோணிக்கு அடியில் தண்ணீருக்குள் கைவிட்டுத் தடவி, விரலால் எடுத்துவந்த அளவு. இடத்துக்கு இடம் வேறு தடிப்பு. நாலு நாளில் காய்ந்தது.

தண்ணீரில் இறக்கியதும் கண்ணகை கம்பை எடுத்தாள்.

"ஏறுங்க, காக்கா. முன்னுக்கு நில்லுங்க."

"எனக்கு நீந்தத் தெரியாது."

"என்ட பிள்ளைகளுக்கும் தெரியாது."

மர்சூக் ஏறினார். முன்னுக்கு நின்றார். கண்ணகை வாவியின் ஆழம் வரைக்கும் ஊன்றிக் கொண்டுபோனாள். அங்கே கம்பை வைத்துவிட்டு, வலையைத் தோளில் போட்டு, உடம்பைத் திருப்பி வீசினாள். தோணி ஒரு பக்கம் அமுங்கியது. மர்சூக் கலிமாச் சொல்லிக் கண்ணை மூடினார். தோணி நிமிர்ந்து நின்றது.

"ஓம், இது சரி" என்றாள் கண்ணகை, வலையை இழுத்தபடி. "மத்த நூத்திப் பத்தொம்பதையும் எப்ப தொடங்குறீங்க?"