மே மாதத்துக் குட்டை

“வெள்ளானூர்ப் பக்கத்துக் குட்டை. மே 1998. கரை அளந்தது, காலை ஆறு முதல் ஒன்பது வரை. வானம் தெளிவு.” என் குறிப்பேட்டின் இந்த வரியில் பிழை இல்லை. அதை வைத்து நாங்கள் வரைந்த படத்தில்தான் பிழை.

அப்போது ஆவடி குவார்ட்டர்ஸில் குடியிருந்தேன். தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் வேலை. அதே பிரிவில் இருந்த நண்பர் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். ஒரு பத்திரிகையோடு வந்த சி.டி.யில் நிலப்படம் வரையும் மென்பொருள் இலவசமாகக் கிடைத்தது. பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றப் பிள்ளைகளை வைத்துச் சுற்றியுள்ள நீர்நிலைகளைப் படமாக்கலாம் என்று கிளம்பினோம். பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில்தான் ஓய்வு. அதனால் மே.

தண்ணீர் விளிம்பை ஒட்டி டேப் பிடித்தோம். அளவுகளைக் கம்ப்யூட்டரில் தட்டி, தொடங்கிய புள்ளியிலேயே கோட்டை மூடியதும் உள்ளே நீலம் நிரம்பியது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

குட்டையில் ஒரு பகுதியை மனையாகப் பிரிக்கப்போவதாகப் பேச்சு இருந்தது. படம் அதைத் தடுக்கும் என்று நம்பி தாலுகா அலுவலகத்தில் ஒரு பிரதி கொடுத்தோம். இன்னொன்றைக் கரையோரம் குடியிருந்த ஒரு அம்மாவிடம் காட்டினோம். முன்பு கழனி வேலை செய்தவர். அப்போது அம்பத்தூர் கம்பெனி ஒன்றில் பேக்கிங்.

“இன்னா சார் இது, நசுங்குன இட்லி மாரி கீது?”

“குட்டைம்மா. அளந்து போட்டது” என்றார் நண்பர்.

“வெயில்ல காஞ்சது போவ மிச்சம் கீற தண்ணி சார் இது. அதோ பனமரம், ஐப்பசில அது வரிக்கும் நிக்கும். நீங்க வெள்ளையா உட்ட எடத்துல மண்ணு கொட்னா தண்ணி எங்க போவும்? என் ஊட்டுக்குள்ளதான்.”

“கம்ப்யூட்டர்ல பாத்தீங்கன்னா...” என்று நண்பர் இழுத்தார்.

“ஒரு மழைக்கு அத்த இங்க வந்து படுத்துக்கினு பாக்கச் சொல்லு.”

நண்பர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொழிற்சாலையில் நாங்கள் வரைந்ததெல்லாம் இரும்பு. எந்த மாதம் அளந்தாலும் ஒரே அளவு. குட்டையையும் அப்படியே அளந்திருந்தோம். மறுநாள் தாலுகா அலுவலகத்துக்குப் போய்ப் படத்தைத் திரும்பக் கேட்டோம். “தெளிவா இருக்குன்னு மேல அனுப்பிட்டோமே” என்றார் எழுத்தர்.

ஐப்பசி மழை விட்ட ஒரு ஞாயிறு மறுபடி போனோம். டேப்பின் மறுமுனையை அந்த அம்மாவே பனைமரத்தடியில் பிடித்துக்கொண்டார். முழங்கால் தண்ணீர். பழைய நீலத்தைச் சுற்றிப் புதுக் கோடு போட்டோம். ஏறக்குறைய அவர் வாசல்வரை வந்தது. அந்தப் படத்தையும் கொடுத்து ரசீது வாங்கினேன். அதன்பிறகு மன்றப் பிள்ளைகள் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் மாதத்தை எழுதினார்கள்.

அடுத்த ஆண்டு மனைக் கற்கள் நட்டார்கள், பனைமரத்துக்கு அப்பால், புதுக் கோட்டுக்கும் வெளியே. அந்த ஆண்டு மழைக்கு அந்த அம்மாவின் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. எங்கள் இரண்டாவது படத்தால்தான் என்று நண்பர் சொல்லிவந்தார். கோப்பில் இருப்பது அதுவா, மே மாதத்துப் படமா என்பதை நான் இன்றுவரை சரிபார்க்கவில்லை.