ஆணியில் மாட்டிய கயிறு

சென்னை வாடகை கட்டுப்படியாகாமல், திருவண்ணாமலையில் அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு பழைய வீட்டுக்குக் குடிவந்தோம். அவ்வளவு பெரிய வீடு ஏன் இவ்வளவு கம்மி வாடகைக்குக் கிடைத்தது என்று நாங்கள் யாரையும் கேட்கவில்லை.

சாமான் இறக்க வந்தவர் ஒடிசலான மனிதர். காதில் எப்போதும் ஒரு அணைந்த பீடி. எதை எங்கே வைப்பது என்று அவர் எங்களை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பீரோ நுழையாது என்று தெரிந்து, உள்ளறைக் கதவை முதலிலேயே கழற்றி வைத்தார்.

"இந்த வீடு உங்களுக்குப் பழக்கமா?" என்றேன்.

"உங்களுக்கு முன்னாடி நாலு குடும்பத்துக்கு நான்தான் சார் இறக்கினேன். திரும்ப ஏத்திவிட்டதும் நான்தான்."

"ஏன் காலி பண்ணாங்க?"

பீடியை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் காதில் செருகிக்கொண்டார்.

"பௌர்ணமியில மட்டும் காலி பண்ணாதீங்க சார். கிரிவலக் கூட்டத்துல வண்டிய உள்ள விடமாட்டாங்க. போன குடும்பம் ரொம்ப அவஸ்தப்பட்டுட்டாங்க."

அவர் கிளம்பும்போது, சாமான் கட்டிய கயிற்றை மறந்துவிட்டாரென்று எடுத்து நீட்டினேன். வாங்கி, வாசற்கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டினார்.

"இங்கயே இருக்கட்டும் சார். எப்பவும் இங்கதான் வச்சிட்டுப் போவேன்."

நேற்று என் மனைவி காலண்டரில் பௌர்ணமி எப்போது என்று தேடிக்கொண்டிருந்தாள். கிரிவலம் போகலாமா என்று கேட்டேன். அவள் அந்தக் கயிற்றைப் பார்த்தாள்.