லூர்துநாதன் சொல்லாமல் விட்ட உதாரணம்

நம் நலச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் அன்று காலையிலிருந்து ஒரே பேச்சு, தண்ணீர் லாரி எப்போது வரும் என்பதுதான். "பத்து மணிக்குள் வந்துவிடும்" என்று செயலாளர் போட்டதற்கு அடுத்த செய்தியாக, "லூர்துநாதன் சார் இன்று அதிகாலை காலமானார்" என்று வந்தது. லாரிக்காகப் போட்ட கட்டைவிரல்களில் நாலைந்து கைதவறி இதன் கீழே விழுந்திருந்தன. பிறகு கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல். அவர் இருந்திருந்தால் எத்தனை கட்டைவிரல், எத்தனை கும்பிடு என்று எண்ணிவிட்டு, "இதுவும் ஒரு ஓட்டெடுப்புதான் மேடம்" என்று எனக்குப் போன் செய்திருப்பார் என்று தோன்றியது. அப்புறம்தான் அழுதேன்.

உங்களில் பலருக்கு அவரை, ஒவ்வொரு தை மாதமும் நம் பாட்டுப் போட்டியில் மேடைக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து நடுவர்களின் மதிப்பெண்களைக் கூட்டித் தருகிறவராகத் தெரியும். எனக்கு அதற்கும் முந்தைய பழக்கம். தி.நகரில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் அடுத்தடுத்த மேசை. அவர் சாந்தோம், நான் மயிலாப்பூர். அவர் சங்கீதம் முறையாகப் படித்ததில்லை. மாதா கோயில் பாடல் குழுவில் காதால் கேட்டுக் கேட்டுக் கீபோர்டு வாசிக்கக் கற்றுக்கொண்டவர். நான் எட்டு வயதிலிருந்து பாட்டு சொல்லிக்கொண்டவள். இதை அவரிடம் சொல்லிக்காட்டாத வாரம் கிடையாது. அவர் சிரித்துக்கொண்டே டிபன் பாக்ஸைத் திறப்பார்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. கீபோர்டில் ஏழு வெள்ளைக் கட்டை, ஐந்து கறுப்புக் கட்டை என்று யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று கேட்க ஆரம்பித்தார். ஒரு சுருதியில் பழகிய பாட்டை அரைக் கட்டை ஏற்றி வாசிக்கச் சொன்னால் விரல் மொத்தமாக வழி மறந்துபோகிறது. இது வாசிக்கிறவன் குற்றமில்லை, கட்டைகளை அடுக்கியவன் குற்றம் என்பது அவர் வாதம். வெள்ளையும் கறுப்பும் ஒன்றுவிட்டு ஒன்று, ஆறும் ஆறுமாக, எல்லாம் ஒரே அகலத்தில் இருந்துவிட்டால் பன்னிரண்டு சுருதிக்கும் இரண்டே கைப்பழக்கம் போதுமாம். பட்டினப்பாக்கத்தில் ஒரு தச்சரைப் பிடித்து மெல்லிய மரப்பட்டைகள் அறுத்து வாங்கினார். தன் பழைய கீபோர்டின் மேல் அவற்றை ஒட்டி, அதன் தலையில் இன்னொரு கீபோர்டையே கட்டிவிட்டார்.

முதன்முதலில் அதை எனக்குக் காட்டிய நாளில் அவராலேயே வாசிக்க முடியவில்லை. எல்லாக் கட்டையும் ஒன்றுபோல இருந்ததால் ஸ எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. அவர் மனைவி ரோஸி உள்ளேயிருந்து சிவப்பு நகப்பூச்சு கொண்டுவந்து, "எது உங்க ஸ, சொல்லுங்க, நான் பொட்டு வைக்கிறேன்" என்றார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

"இதுக்குத்தான் பொத்தான் இருக்கே, லூர்து? அமுக்கினா சுருதி தானா மாறிடுமே" என்றேன்.

"பொத்தானை அமுக்குறதுக்குள்ள ஜெனோவா அடுத்த வரிக்குப் போயிடும் மேடம்."

ஜெனோவா பட்டினப்பாக்கத்தில் மீன் கடை வைத்திருந்த பெண்மணி. அங்கிருந்த ஏழெட்டுப் பேர் சேர்ந்த பாட்டுக் குழுவுக்கு அவர்தான் முன்குரல், லூர்து கீபோர்டு. கடலோரத்தில் கூவி விற்ற தொண்டை. ஒருநாள் ஒரு கட்டையில் எடுப்பார், மறுநாள் மூன்று கட்டையில். உற்சாகம் வந்துவிட்டால் பாட்டின் நடுவிலேயே சுருதியை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். ஒருமுறை ஒத்திகையில் லூர்து அவரைத் தன் சுருதிக்கு வரச் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். "இன்னா சார் நீ, நான் எட்த்த எடத்துக்கு நீ வா. என்னைய உன் எடத்துக்கு இஸ்துக்கினு போவாத" என்றார் ஜெனோவா. லூர்து இதை ஒரு பெரிய கொள்கையாகவே எடுத்துக்கொண்டார். "அது சரியாத்தானே சொல்லுது மேடம்? பாடுறவங்க எங்க நின்னாலும் வாசிக்கிறவன் அங்க போகணும்" என்று அதற்குப் பிறகு எத்தனை தடவை சொன்னார் என்பதற்கு அளவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் நம் போட்டியில் ஜெனோவா குழு கலந்துகொண்டது. அந்த ஒரு வருடம் லூர்து கூட்டல் மேசையில் உட்காரவில்லை, மேடையில் இருந்தார். மூன்று நடுவர்களில் நான் ஒருத்தி. முந்தின நாளே அவரிடம் சொல்லியிருந்தேன்: "அந்த மரப்பெட்டியை எடுத்துண்டு மேடைக்கு வராதேங்கோ. எல்லாரும் சிரிப்பா. நம்ம சிநேகிதம் வேற ஊருக்கே தெரியும்." அவர் எடுத்துக்கொண்டுதான் வந்தார்.

கடைசிச் சுற்றில் இரண்டு குழுக்கள்: கோபாலபுரம், பட்டினப்பாக்கம். கோபாலபுரத்துப் பெண்கள் பிசிறில்லாமல் பாடினார்கள். அப்புறம் ஜெனோவா. கடைசிச் சரணத்தில், ஒத்திகையில் இல்லாத அரைக் கட்டையைத் திடீரென்று ஏற்றினார். லூர்துவின் கை தடுமாறவில்லை. அடுத்த அட்சரத்தில் அங்கே போய் நின்றுகொண்டது. கூடம் எழுந்து நின்று கைதட்டியது. நாற்பது வருடம் பாடிய எனக்கு அப்படி ஒரு கைதட்டல் கிடைத்ததில்லை. கோபாலபுரத்துக்கு எழுபது போட்டேன். பட்டினப்பாக்கத்துக்கு நாற்பத்தைந்து போட்டேன். சுருதி சுத்தம் போதாது என்று குறிப்பும் எழுதினேன்.

கோபாலபுரம் ஜெயித்ததாக அறிவித்தார்கள். ஒவ்வொரு நடுவரின் மதிப்பெண்ணைத் தனியாக வெளியிடுவது நம் வழக்கமில்லை. நடுவர்களின் தாள்கள் போட்டி முடிந்ததும் லூர்துவின் பைலுக்குப் போய்விடும். என்னால்தான் அது நடந்தது என்று எனக்குத் தெரியாது எனச் சொன்னால் பொய்யாகிவிடும். தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை, அவ்வளவுதான். அடுத்த வருடம் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்த அடுத்த வருடம் வரவில்லை. சித்திரைக்குள் ஜெனோவா இருந்த குடியிருப்பை இடிக்க வேண்டும் என்று எல்லோரையும் ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். குழு அத்தோடு போயிற்று. அந்தக் கீபோர்டை லூர்து பிறகு வெளியே எடுத்து நான் பார்க்கவில்லை.

அதே வருடம் ஆடி மாதக் கூட்டத்தில் அவர் எழுந்து ஒரு யோசனை சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். நடுவர்கள் நூற்றுக்கு இத்தனை என்று போட வேண்டாம், முதல், இரண்டாவது, மூன்றாவது என்று வரிசை மட்டும் எழுதினால் போதும் என்றார். "மார்க் போடச் சொன்னா, கையை ரொம்ப விரிக்கிறவர் சொல்றதுதான் நடக்கும். மத்த ரெண்டு பேரும் சும்மா" என்றார். யாருக்கும் புரியவில்லை. உடனே ஓர் உதாரணம் சொன்னார்: காலைச் சாப்பாட்டுக்கு இட்லியா, பொங்கலா என்று மூன்று பேர் மார்க் போடுகிறார்கள். இரண்டு பேர் இட்லிக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போடுகிறார்கள். மூன்றாவது ஆள் இட்லிக்குப் பத்தே மார்க். கூட்டிப் பார்த்தால் பொங்கல் ஜெயித்துவிடுகிறது.

செயலாளர், "அந்த ஒருத்தருக்கு இட்லி ஆகவே ஆகாதுன்னா, பொங்கலே போட்டுட்டுப் போங்களேன் சார்" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். யாரோ ஒருவர் மட்டும் நியாயமாகக் கேட்டார்: "நம்ம போட்டியில எந்த வருஷமாவது இப்படி ஆயிருக்கா?"

லூர்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியலைங்க. பாக்கணும்" என்றார்.

எண்களில் அவர் 'தெரியலை' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். யோசனைக்கு எதிராகக் கை தூக்கச் சொன்னார்கள். தூக்கியவர்களில் நானும் உண்டு.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் சாந்தோமுக்குப் போனேன். ரோஸி ஒரு தாளைக் கொண்டுவந்து, "அவரு பைல்ல இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. உங்க எழுத்து போட்டிருக்காரு, அதான்" என்று கொடுத்தார். அந்த வருடத்துக் கடைசிச் சுற்று. மூன்று நடுவர்களின் முதல் எழுத்துகள், அவற்றின் கீழே எண்கள். பட்டினப்பாக்கத்துக்கு மற்ற இருவரும் எண்பத்திரண்டு, எண்பது. கோபாலபுரத்துக்கு எழுபத்தெட்டு, எழுபத்தாறு. இருவருமே ஜெனோவா குழுவைத்தான் முதலில் வைத்திருந்தார்கள். என் பெயரின் முதல் எழுத்தான 'கோ'வின் கீழே அந்த நாற்பத்தைந்து. அதைச் சுற்றி ஒரு வட்டம். அவர் சொல்ல வந்ததற்கு இதைவிடத் துல்லியமான சாட்சி உலகத்தில் கிடையாது. ஆடிக் கூட்டத்துக்காகத் தயாரித்த தாள்தான் அது, மேலே தேதி இருந்தது. மொத்தத்தையும் பேனாவால் ஒரே கோடாக அடித்துவிட்டு, கீழே எழுதியிருந்தார்: "வேண்டாம். இட்லி வைத்துச் சொல்லலாம்."

ரோஸியிடம் என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்று நினைவில்லை. லஸ் வரைக்கும் ஆட்டோ கூப்பிடத் தோன்றாமல் நடந்தே வந்துவிட்டேன்.

ஏழாம் நாள் பூசைக்கு ஜெனோவா பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். முடிந்ததும் வெளியே நிறுத்திச் சொன்னேன். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"எவ்ளோ போட்டீங்க?"

"நாற்பத்தஞ்சு."

"நாங்க நல்லா பாடலயா?"

"நன்னாப் பாடினேள். அன்னிக்கு நீங்கதான் முதல்."

"அப்பறம் இன்னாத்துக்கு?"

"பொறாமை" என்றேன். வேறு மரியாதையான சொல் எதுவும் கைக்கு வரவில்லை.

ஜெனோவா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். அதுவரை 'நீங்க' என்றவர் 'நீ'க்கு மாறினார். "சார் போனப்பறம் என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது. அன்னிக்கு கைதட்டுன ஜனங்க கீறாங்கள்ல, அவங்களாண்ட சொல்லு." நான் பதில் சொல்வதற்குள் பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டார். என்னை மன்னித்தாரா என்று தெரியவில்லை, கேட்கவும் எனக்கு வாயில்லை.

அதனால் உங்களிடம் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முந்தைய தைப் போட்டியில் முதல் இடம் பட்டினப்பாக்கத்துக்கு உரியது. கோபாலபுரத்துப் பெண்கள் மேல் தவறில்லை, மற்ற இரண்டு நடுவர்கள் மேலும் இல்லை. கெடுத்தது நான். லூர்துநாதனிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்த ஒரு தாள்தான். ரோஸி அதை என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். வருகிற கூட்டத்தில் அவருடைய யோசனையை நான் மறுபடி எழுப்பப் போகிறேன், தாளையும் எல்லோருக்கும் காட்டப் போகிறேன். அதில் அவர் 'வேண்டாம்' என்று எழுதியிருக்கிறார். அவர் இருந்தவரை அவர் பேச்சை நான் கேட்டதில்லை. இதையும் கேட்கப் போவதில்லை.