சாபிர் எழுதிய வெப்பநிலை

விருதுநகருக்கு வெளியே, பழைய இரும்பை உருக்கிக் கம்பி செய்யும் ஆலையில் சித்திகா 2005-ல் வேலைக்குச் சேர்ந்தாள். புள்ளியியல் படித்தவள். அடுத்த ஆண்டு தம்பி சாபிரையும் அங்கேயே சேர்த்துவிட்டாள். அவள் ஆய்வறையில், அவன் உலையடியில்.

இரும்பை ஒருமுறை உருக்கி ஊற்றினால் அது ஒரு உருக்கு; உலையின் உட்சுவர் ஒவ்வொரு உருக்கிலும் தேயும். பன்னிரண்டு உருக்கு முடிந்தால் உடைத்துவிட்டுப் புதுச்சுவர் வைப்பது ஆலை வழக்கம். சித்திகா ஓராண்டுப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றி, எந்த வெப்பத்துக்குச் சுவர் எவ்வளவு தேய்கிறது என்று கண்டுபிடித்தாள். ஒருமுறை குழம்பில் முக்கினாலே தீர்ந்துபோகும் அளவு முனையால் அன்றன்றைய வெப்பநிலையைச் சாபிர் அளந்து கொடுத்தால் போதும், இன்னும் எத்தனை உருக்குத் தாங்கும் என்று அவள் கணக்குச் சொல்லும். சுவர் பதினேழு வரை தாங்கியது. மேனேஜர் சீனிவாசகம் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார். "எங்கக்கா போட்ட கணக்குடா" என்று சாபிர் உலையடியில் சொல்லித் திரிந்தான்.

2007 ஐப்பசியில் ஒருநாள் முற்பகல், பதினைந்தாவது உருக்கில் சுவர் பிளந்தது. இரும்புக் குழம்பு குளிர்நீர்க் குழாயில் பட்டு வெடித்தது. பக்கத்தில் நின்றது சாபிர் மட்டும்தான்.

மதுரை ஆஸ்பத்திரியில் மறுநாள் பேசினான்.

"ஒன் கணக்கு தப்பில்லக்கா. வெப்பம் பாக்குற முனை ரெண்டு வாரமா வரல. ஆபீஸ்ல கேட்டா, கண்ணால பாத்து எழுதுடான்னு சொன்னாக. ஆயிரத்தி அறுநூத்தி நாப்பதுன்னு நானாத்தான் எழுதுனேன்."

"எங்கிட்ட சொல்லிருக்கலாம்லடா?"

"நீ சந்தோசமா இருந்தியேக்கா."

இருந்தாள். ஒரே எண் நாள்தோறும் வருவதைப் பார்த்து, உலை இவ்வளவு சீராக ஓடுகிறதே என்று பூரித்தாள். அளந்த எண் அப்படி அசையாமல் நிற்காது என்பது அவள் கல்லூரியில் முதல் வருடமே படித்தது.

மூன்றாம் நாள் சாபிர் இறந்தான்.

விசாரணைக்கு முந்தைய நாள் சீனிவாசகம் வீட்டுக்கு வந்தார். "கணக்கு பிசகிருச்சுன்னு சொல்லிருங்கம்மா. தம்பி பேரும் கெடாது, கம்பெனிக்கும் வம்பில்ல."

"அவுக சொல்றபடியே சொல்லிரு" என்றாள் அம்மா.

"அப்படிச் சொன்னா முனை ஏன் வரலன்னு யாரும் கேக்க மாட்டாகம்மா. உலையடில இன்னும் நாலு பேரு நிக்காக."

தம்பி அளக்காமல் எழுதியது, கம்பெனி முனை வாங்காதது, தான் கவனிக்கத் தவறியது எல்லாவற்றையும் விசாரணைக்கு வந்த அரசு அதிகாரியிடம் சொன்னாள். ஆலையை இரண்டு மாதம் மூடினார்கள். முனையில்லாமல் உலை ஓட்டக்கூடாது என்ற உத்தரவோடு திறந்தார்கள். சித்திகாவை மறுபடி வேலைக்குக் கூப்பிடவில்லை.

"செத்த பிள்ளையக் காட்டிக்குடுத்துட்டியே" என்ற அம்மா, சிவகாசியில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கே போய்விட்டாள். சித்திகா வெள்ளிக்கிழமைகளில் அங்கே போவாள். அம்மா சோறு வைப்பாள். பேச மாட்டாள். சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, சித்திகா பஸ் ஏறுவாள்.