கீல் தேஞ்சது யாருக்கு?

எங்க வீட்டு பிளாஸ்டிக் ஃபிரேம் ஜன்னலில் ரெண்டு கீலும் தேஞ்சு, ரெட்டைக் கண்ணாடிக் கதவு தொங்கிப்போச்சு. குற்றாலச் சாரல் மொத்தமும் நேரா என் கட்டிலுக்குத்தான்.

இன்னைக்கு மாத்திரலாம்னு அப்பா தென்காசிக் கடைக்குப் போனாரு. கடைக்காரர் அதை 'ஹின்ஜ்'ங்காராம். எனக்குத் தமிழ்ப்பற்று ஜாஸ்தி. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்:

"கீல் ரெண்டும் தேஞ்சு போச்சு. அப்பாதான் பாவம். இன்னைக்கே மாத்துதோம்."

இதுல ஒரு பொய் இருக்கா, சொல்லுங்க?

ஆனா இலத்தூர் அத்தைக்குக் கீல்வாதம். அவளுக்குக் கீல்னா முட்டிதான்.

அப்பா ஸ்டூல்மேல ஏறி, பழைய கீலைக் கழட்டிட்டு, கதவை ரெண்டு கையாலயும் தாங்கிட்டு நிக்கும்போது அத்தை ஓடி வந்தா. கையில் மூட்டுவலித் தைலம்.

"ஏலே தம்பி! ஆபரேஷனை வச்சுக்கிட்டு ஸ்டூல்ல என்னலே பண்ணுத?"

"எக்கா, எனக்கு ஒண்ணுமில்ல. கண்ணாடி கனமா இருக்கு, தள்ளி நில்லு!"

"ஒண்ணுமில்லாமலா கால் இந்த நடுங்கு நடுங்குது?"

வேட்டியை ஏத்திவிட்டு முட்டியில் தைலம் தேய்க்க ஆரம்பிச்சுட்டா.

அப்பாவுக்குக் கூச்சம் அதிகம். கையை விட்டா கண்ணாடி போச்சு, விடலைன்னா மானம் போச்சு. "சீக்கிரம் திருகுலே!"ன்னு நெளிஞ்சுக்கிட்டே கத்துதாரு. எனக்கு வந்த சிரிப்புல ஸ்குரூ ஓட்டைக்குள்ளேயே போகமாட்டேங்குது.

ஒருவழியா மாட்டியாச்சு. ஜன்னல் இப்போ சிக்குன்னு மூடுது. ஒரு சொட்டு உள்ள வரல.

குரூப்பை இப்பத்தான் அப்பா படிச்சாரு. நான் மொட்டைமாடியில் இருக்கேன்.

ஆய்க்குடிப் பக்கம் யார் வீட்டிலாவது ரெண்டு நாள் தங்க இடம் கிடைக்குமா மக்களே? கீல் மாத்தித் தாரேன். எந்தக் கீலுன்னு மட்டும் தெளிவா சொல்லிருங்க.